அக்காவின் கழுத்து நாளம்: கனடாவில் பணியாற்றும் தமிழ் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டொக்டர்மாருக்கு,

உங்களில் பலரை எனக்கு நேரில் தெரியும். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் உங்கள் கிளினிக்குகளின் கதிரைகளில் அம்மாவோடும் அக்காவோடும் எத்தனையோ மணித்தியாலம் காத்திருந்திருக்கிறேன். இந்த மடலில் யாருடைய பெயரும் வராது, பயப்படாதீர்கள்.

என் அக்காவுக்கு எம்.எஸ். மல்ரிப்பிள் ஸ்கிளரோசிஸ் என்று முழுதாகச் சொன்னாலும் எங்கள் ஆட்களுக்குப் பிடிபடாது. அம்மா இன்றுவரை "நரம்பு வருத்தம்" என்றுதான் சொல்கிறார். உடம்பின் நோயெதிர்ப்புத் தொகுதியே மூளையிலும் முள்ளந்தண்டிலும் உள்ள நரம்புகளின் உறையைத் தாக்கி, அங்கே தழும்புகளை விட்டுப்போகும் வருத்தம் இது. உலகத்தில் இந்த வருத்தம் அதிகமுள்ள நாடுகளில் கனடாவும் ஒன்று. இங்கே 90,000 பேருக்கு மேல் இதோடு வாழ்கிறார்கள். அக்காவுக்கு 2004இல் ஒரு கண் மங்கியதில் தொடங்கியது. பிறகு கால் விறைப்பு, பிறகு மத்தியானத்துக்கு மேல் எழும்ப முடியாத களைப்பு.

2011 மாசி மாதம் அவரை இந்தியாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், கழுத்து நாளத்துக்குள் பலூன் விட்டு விரித்துக்கொண்டு வந்தவன் நான். சீட்டுக் காசும் அத்தான் கிரெடிட் கார்டில் எடுத்ததுமாகச் சேர்த்து 16,000 டொலர். அது பழைய கதை. இப்போது எழுதுவதற்குக் காரணம், எங்கள் சொந்தத்தில் இருபத்தேழு வயதுப் பிள்ளை ஒருத்திக்குப் போன மாரியில் இதே வருத்தம் என்று சொல்லியிருக்கிறார்கள். போன கிழமை அவள் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினாள். வெளிநாட்டுக் கிளினிக் ஒன்று, ஸ்டெம் செல் ஊசி, கைத்தடியை எறிந்துவிட்டு நடக்கும் ஒரு பெண். "மாமா, நீங்கள் அக்காவோடு போனீர்கள்தானே, இது எப்படி?" என்று கேட்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும் எனக்கு 2009 கார்த்திகை ஞாபகம் வந்துவிட்டது.

அன்று ஒரு சனிக்கிழமை இரவு. சிரிவி (CTV) என்ற கனடியத் தொலைக்காட்சியின் டபிள்யூ-ஃபைவ் (W5) நிகழ்ச்சி. இத்தாலியின் ஃபெராரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாவோலோ சம்போனி என்ற இரத்தக்குழாய்ச் சத்திரசிகிச்சை நிபுணரைக் காட்டினார்கள். அவருடைய மனைவி எலேனாவுக்கு 1995இல் எம்.எஸ். வந்ததிலிருந்து மனிதர் இந்த வருத்தத்தின் பின்னால் அலைந்திருக்கிறார். அவர் சொன்ன விளக்கம் எந்த வீட்டுக் குசினியிலும் புரியக்கூடியது: மூளையிலிருந்து இரத்தம் இறங்கும் கழுத்து நாளங்களும் நெஞ்சுக்குள் முள்ளந்தண்டை ஒட்டி ஓடும் அசைகஸ் நாளமும் ஒடுங்கியிருக்கின்றன, இரத்தம் தேங்கித் திரும்பி ஏறுகிறது, அதோடு இரும்பு படிகிறது, அந்த இரும்பால் அழற்சி. அடைத்த சிங்க் குழாய் மாதிரி. அடைப்பை எடுத்தால் சரி.

அந்த வருடம் அவர் வெளியிட்ட ஆய்வில் எம்.எஸ். உள்ளவர்கள் 65 பேர், இல்லாதவர்கள் 235 பேர். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கான் செய்து பார்த்ததில் முதல் கூட்டத்தில் எல்லாருக்கும் நாளக் கோளாறு. இரண்டாவது கூட்டத்தில் ஒருவருக்கும் இல்லை. நான் படித்த பள்ளிக்கூடத்தில் வகுப்பு முழுவதும் நூறு புள்ளி எடுத்தால் வாத்தியார் முதலில் வினாத்தாள் வெளியே போனதா என்றுதான் பார்ப்பார். அந்த இரவு எனக்கு வாத்தியார் நினைவுக்கு வரவில்லை. அக்கா நினைவுக்கு வந்தார்.

அந்தச் சிகிச்சைக்கு வைத்த பெயர் 'விடுதலை'. 2009இல் ஈழத்தமிழர் வீடொன்றில் அந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்த மாதமே உங்களில் ஒருவரிடம் போய்க் கேட்டேன். கிளினிக்கில் இல்லை, ஒரு சாமத்தியவீட்டு மண்டபத்தில். அவர் கையில் ஒரு தட்டு ரோல்ஸ் இருந்தது. நான் கேட்டதும் சிரித்தார். "அதெல்லாம் சும்மா கதை தம்பி. ரிவியில் வாறதை எல்லாம் நம்பாதீங்கோ" என்றார். அவ்வளவுதான், யாரோ கூப்பிடப் போய்விட்டார்.

அவர் சொன்னது சரி. இதை நான் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அந்த நாளக் கதை பிழை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆனாலும் அந்தச் சிரிப்புக்கும் என் 16,000 டொலருக்கும் தொடர்பு இருக்கிறது என்றுதான் பதினைந்து வருடம் கழித்தும் நினைக்கிறேன். எப்படி என்று சொல்கிறேன்.

"சும்மா கதை" என்றால் எனக்கு விளங்கிய அர்த்தம் வேறு: இவர் அதை வாசிக்கவே இல்லை. வாசிக்காமல் சிரிப்பவரைவிட, இரவு இரண்டு மணிக்கும் பேஸ்புக்கில் பதில் எழுதும் சஸ்காச்சுவான்காரர் எனக்குப் பெரிய மனிதராகத் தெரிந்தார். அவரும் நோயாளிதான். போலந்தில் போய் செய்துகொண்டு வந்தவர். அந்தக் குழுக்களில் ஆட்கள் ஒருவருக்கொருவர் விமானச் சீட்டு விலை சொன்னார்கள், ஸ்கான் படம் காட்டினார்கள், அழுதார்கள். நானும் அழுதேன்.

2010 ஆவணியில் கனடிய சுகாதார ஆய்வு நிறுவனங்கள் ஒட்டாவாவில் நிபுணர்களைக் கூட்டி, சிகிச்சைப் பரிசோதனை நடத்தும் அளவுக்கு இன்னும் ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டன. ஆய்வு முறைப்படி பார்த்தால் அது நியாயமான முடிவு; நாளத்துக்கும் நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்றே தெரியாமல் யாருடைய கழுத்துக்குள்ளும் வயர் விடக்கூடாது. ஆனால் வயர் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது, கோஸ்ரா ரிக்காவில், போலந்தில், மெக்சிக்கோவில், இந்தியாவில். அதே வருடம் ஒன்ராறியோக்காரர் ஒருவர் கோஸ்ரா ரிக்காவில் வைத்த ஸ்டென்ரில் (நாளத்தை விரித்து வைக்கும் கம்பிவலைக் குழாய்) இரத்தம் கட்டியானதால் இறந்துபோனார். அந்தச் செய்தியை நான் வாசித்தேன். எங்களுக்குப் பலூன் மட்டும்தான், ஸ்டென்ற் இல்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டு சீட்டுக் காசை எடுத்தேன்.

ஆஸ்பத்திரியைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். சுத்தமாக இருந்தது, தாதிமார் அன்பாக இருந்தார்கள், காசு முன்கூட்டியே கட்ட வேண்டியிருந்தது. தொடையில் துளையிட்டு வயரை மேலே ஏற்றி, திரையில் எங்களுக்குக் காட்டினார்கள்: "பாருங்கள், இங்கே ஒடுக்கம்." பலூன் விரிந்தது. படத்தில் கறுப்புக் கோடு தடித்தது. என் கண்ணால் பார்த்தேன்.

அன்று பின்னேரமே அக்கா கை சூடாக இருக்கிறது என்றார். திரும்பி வந்து மூன்று மாதம் மத்தியானம் படுக்கவில்லை. பங்குனியில் பனிக்குள் தானே நடந்து போய்க் கோப்பி வாங்கினார். பேஸ்புக்கில் நானும் ஒரு 'வெற்றிக் கதை' எழுதினேன். எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டு விமானம் ஏறினார்களோ. இந்த மடலில் எழுதக் கூச்சமான வரி இதுதான்.

அந்த நம்பிக்கையில் அக்கா எம்.எஸ்.ஸுக்குப் போட்டுவந்த இன்ரஃபெரோன் மருந்து ஊசியை நிறுத்தினார். நிறுத்தச் சொன்னது நானில்லை. நிறுத்தாதே என்றும் நான் சொல்லவில்லை. ஆவணியில் களைப்பு திரும்பி வந்தது. ஐப்பசியில் வலது கால் முழுதாக விழுந்தது. ஸ்கானில் புதுத் தழும்புகள். கழுத்து நாளம் பழையபடி ஒடுங்கியிருந்தது என்று தெரிந்ததும், நான் முட்டாள்தனமாக, அதனால்தான் கால் விழுந்தது என்று நினைத்தேன். அதைக் காட்ட நாங்கள் போன இடத்தில் "அங்கே செய்தவர்களிடம் போய்க் கேளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கால் பிறகு பாதிதான் திரும்பியது. இப்போது அக்கா வோக்கரோடு நடக்கிறார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். சம்போனியின் கதை ஏன் பிழை என்று எனக்கு ஒருவரும் உட்கார்ந்து விளங்கப்படுத்தவில்லை. ஆங்கிலத்தில் நானாக, வருடக் கணக்கில், அகராதி வைத்து வாசித்து விளங்கிக்கொண்டேன். விளங்கியபோது அது ஒன்றும் அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. ரோல்ஸ் ஆறுவதற்குள் சொல்லக்கூடிய விஷயம்.

முதலாவது, கழுத்து நாளம் சிங்க் குழாய் இல்லை. படுத்திருக்கும்போது மூளையின் இரத்தத்தில் பெரும்பங்கு அதன் வழியே இறங்குகிறது. எழுந்து நின்றால் அது தட்டையாக ஒட்டிக்கொள்கிறது. இரத்தம் முள்ளந்தண்டைச் சுற்றியுள்ள நாளப் பின்னலுக்கு மாறிவிடுகிறது. ஒருவருக்கு வலப்பக்கம் பெரிது, இன்னொருவருக்கு இடப்பக்கம். தலையைத் திருப்பினால், மூச்சை இழுத்துப் பிடித்தால், ஸ்கான் கருவியைக் கொஞ்சம் அழுத்தினால்கூட அகலம் மாறும். அதனால்தான் ஆளுக்கு ஆள் முடிவு மாறியது. எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பஃபலோவில் 499 பேரைப் பார்த்தபோது எம்.எஸ். உள்ளவர்களில் 56 வீதமானோருக்கு இந்தக் கோளாறு. சுகதேகிகளில் ஏறத்தாழ 23 வீதம். நூற்றுக்கு நூறு அங்கேயே உடைந்துவிட்டது. பிறகு இத்தாலியிலேயே 1,767 பேரைப் பார்த்தார்கள். எம்.எஸ். உள்ளவர்கள், வேறு நரம்பு வருத்தக்காரர், ஒரு வருத்தமும் இல்லாதவர்கள் என்று மூன்று கூட்டம். மூன்றிலும் இரண்டு மூன்று வீதம்தான்.

என்னை அடித்துப்போட்டது 2013இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து அந்தனி ட்ரபுல்சி குழுவினர் செய்தது. 177 பேர். அதில் 79 பேருக்கு எம்.எஸ்., 43 பேர் சம்பந்தமில்லாதவர்கள். மிச்சம் 55 பேர் யார் தெரியுமா? நோயாளிகளின் கூடப்பிறந்தவர்கள். இந்தத் தடவை வெளியிலிருந்து ஸ்கான் மட்டுமில்லை, நாளத்துக்குள்ளேயே வயர் விட்டு மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். பாதிக்கு மேல் ஒடுங்கிய நாளம், எம்.எஸ். உள்ளவர்களில் 74 வீதம் பேருக்கு. சம்பந்தமில்லாதவர்களில் 70 வீதம் பேருக்கு. கூடப்பிறந்தவர்களில் 66 வீதம் பேருக்கு.

அதை வாசித்த இரவு கண்ணாடிக்கு முன் நின்று என் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். அன்று அந்த ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பதிலாக என்னைப் படுக்க வைத்திருந்தாலும், அதே திரையில், அதே விரலால், "பாருங்கள், இங்கே ஒடுக்கம்" என்று காட்டியிருப்பார்கள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

சரி, நாளம் எல்லாருக்கும் ஒடுங்கியிருக்கிறது. ஆனால் பலூன் விட்டபிறகு அக்காவுக்குச் சுகமாக இருந்ததே? அதற்கும் பதில் இருந்தது. கனடாவிலேயே, வன்கூவர், வினிபெக், மொன்றியல், கியூபெக் நகரம் என்று நான்கு இடங்களில் 104 பேரை எடுத்தார்கள். 49 பேருக்கு உண்மையான பலூன். 55 பேருக்குப் பாவனை: அவர்களுக்கும் வயர் போனது, ஆனால் பலூன் விரியவில்லை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பிறகு அவரைச் சோதிப்பவருக்கும் தெரியாது. 48 கிழமை கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டமும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தன. 2017 பங்குனியில் அந்த முடிவு வெளிவந்தது.

அதே வருடம் கார்த்திகையில் சம்போனியே முன்னின்று நடத்திய இத்தாலியப் பரிசோதனையின் முடிவும் வந்தது. அங்கே 130 பேர். உடலின் செயற்பாடு முன்னேறியவர்கள் பலூன் கூட்டத்தில் 41.7 வீதம், பாவனைக் கூட்டத்தில் 48.7 வீதம். இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதினார்கள். மனைவிக்காகத் தொடங்கிய ஒரு மனிதர் தன் சிகிச்சையால் பலனில்லை என்ற முடிவின் கீழ் தன் பெயரையே போட்டார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன். எனக்கு அந்தத் துணிவு வர இன்னும் சில வருடம் பிடித்தது.

பாவனைக் கூட்டத்திலும் பலர் ஏன் முன்னேறினார்கள்? எம்.எஸ். அப்படிப்பட்ட வருத்தம். ஏறும், பிறகு தானாக இறங்கும். நாங்கள் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனது அவர் மிக மோசமாக இருந்த மாதத்தில். நன்றாக இருக்கும்போது யார் 16,000 டொலர் கட்டப் போகிறார்கள்? மழை ஓயும் நேரம் பார்த்துக் குடையை மடக்கிவிட்டு, நான் மடக்கியதால்தான் மழை விட்டது என்று சொன்ன மாதிரி. அதோடு தம்பி சீட்டுக் காசை எடுத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறானே, சுகம் வராமல் போகலாமா என்ற எண்ணமும் அக்காவுக்கு இருந்திருக்கும். இதை அவரிடமே ஒருநாள் கேட்டேன். "உன் முகத்தைப் பார்த்தால் கால் நடக்காமல் இருக்குமா?" என்று சொல்லிச் சிரித்தார்.

இன்னொன்றும் உண்டு, இதை நீங்கள் ரசிப்பீர்கள். எம்.எஸ். தழும்புகளின் நடுவில் ஒரு இரத்தக்குழாய் இருப்பதை ரிண்ட்ஃபிளைஷ் என்ற ஜேர்மன் அறிஞர் 1863இலேயே பார்த்துவிட்டார். இன்று எம்.ஆர்.ஐ. படத்தில் தழும்பின் நடுவே தெரியும் அந்த மெல்லிய நாளத்தையும் வைத்து இது எம்.எஸ்.தானா என்று தீர்மானிக்கிறார்கள். 2024இல் திருத்திய நோயறி விதிகளில் அது சேர்ந்துவிட்டது. ஆக, நாளத்துக்கும் எம்.எஸ்.ஸுக்கும் தொடர்பே இல்லை என்பதும் பிழை. நோயெதிர்ப்புக் கலங்கள் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவது அந்தச் சின்னஞ்சிறு நாளங்களின் சுவரைத் தாண்டித்தான். தகராறு வாசலில் நடக்கிறது. நாங்கள் நெடுஞ்சாலையை அகலமாக்கப் போனோம். இதை 2009இல் ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால், அந்த இத்தாலியரைவிட இது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்திருக்கும்.

2022இல் ஹார்வர்ட் குழு அமெரிக்க இராணுவத்தினரின் இரத்த மாதிரிகளை வைத்து எப்ஸ்டைன்-பார் வைரஸ் பற்றிச் சொன்னதும் அப்படித்தான். எம்.எஸ். வந்த 801 பேரில் ஒருவரைத் தவிர எல்லாருக்கும் அதற்கு முன்பே அந்த வைரஸ் தொற்றியிருந்தது; தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் ஆபத்து 32 மடங்கு. ஆனால் அந்த வைரஸ் வளர்ந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் இருக்கிறது, எம்.எஸ். மிகச் சிலருக்குத்தான். இந்த வித்தியாசத்தையும் எங்கள் ஆட்களுக்கு ஒருவர் தமிழில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு அந்த வைரஸைக் கழுவி எடுக்கிறோம் என்று ஒரு கிளினிக் வரும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. தொலைக்காட்சியைத் திருத்தச் சொல்லவில்லை. 2010இல் வாக்குக்காக இந்தச் சிகிச்சைக்குப் பின்னால் ஓடிய அரசியல்வாதிகளைக் கேள்வி கேட்கச் சொல்லவில்லை. ஒரு தமிழ்க் குடும்பம் இப்படி ஒரு வீடியோவோடு வந்தால், "சும்மா கதை" என்ற இரண்டு சொல்லோடு நிறுத்தாதீர்கள். அது உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று சொல்லுங்கள். பாவனைச் சிகிச்சை என்றால் என்ன என்று சொல்லுங்கள். "இந்தக் கிளினிக்காரர் பாவனைக் கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா?" என்ற ஒரு கேள்வியை எங்கள் கையில் தந்துவிடுங்கள். எங்கள் ஆட்கள் சேலை வாங்கும்போது நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள்; ஒப்பிட்டுப் பார்ப்பது எங்களுக்குத் தெரியாத வித்தை இல்லை.

அப்புறம், பிழையான இடத்துக்குப் போய்த் திரும்பி வந்தவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். அந்த ஐப்பசியில் ஒருவர் எங்களை உட்கார வைத்து, கோபமாகவாவது, "நாளத்தை விடு, ஊசியைத் திரும்பத் தொடங்கு" என்று சொல்லியிருந்தால் ஏழு மாதம் மிச்சமாகியிருக்கும். அக்கா வெட்கத்தில்தான் அடுத்த வருடம் வரை நரம்பு நிபுணரிடம் போகவில்லை. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒக்ரெலிசுமாப் ஏற்றுகிறார். 2017இல் கனடாவில் அனுமதி கிடைத்த மருந்து. பலூன் கதை முடிந்த அதே வருடம். புதுத் தழும்பு இல்லை. போன கால் போனதுதான்.

அந்தப் பிள்ளைக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. ஸ்டெம் செல் விஷயம் நாளக் கதையைவிடச் சிக்கல், ஏனென்றால் அதில் பாதி உண்மை. ஒட்டாவாவில் கடும் கீமோ கொடுத்து நோயெதிர்ப்புத் தொகுதியை அழித்து, நோயாளியின் சொந்த எலும்பு மச்சைக் கலங்களால் மீண்டும் கட்டிய சிகிச்சை உண்மையானது. 24 பேரில் ஒருவர் சிகிச்சையால் இறந்தார், மற்றவர்களுக்கு வருத்தம் மறுபடி கிளம்பவில்லை என்று 2016இல் எழுதினார்கள். அது கடுமையான வருத்தமுள்ளவர்களைத் தெரிந்தெடுத்து, பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்தது. வீடியோவில் காட்டுவது ஒரு மத்தியானத்தில் ஏற்றி அனுப்பும் ஊசி. பெயர் மட்டும் ஒன்று. இந்த வித்தியாசத்தை நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். என்னுடைய பழைய 'வெற்றிக் கதை' இன்னும் பேஸ்புக்கில் கிடக்கிறது, அவள் அதையும் வாசித்திருக்கிறாள். அதன் கீழ் இந்த மடலின் இணைப்பைப் போடப்போகிறேன்.

ஆனி 15க்குள் முற்பணம் கட்டச் சொல்லியிருக்கிறார்களாம். அதற்கு முன் உங்களில் ஒருவர் அவளோடு அரை மணித்தியாலம் பேசவேண்டும், தமிழில், தாயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு என்றால் நான் கூட்டிக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு தம்பி